சாந்திவனம்: விருந்தினராய் வந்தவர்களின் விருந்தோம்பல்

காவிரியின் தென்கரையில், குளித்தலையை ஒட்டிய தண்ணீர்ப்பள்ளியில், ஒரு தோப்புக்குள் அமைந்திருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம். சாந்திவனம் என்ற பெயரே பரவலாக வழங்குகிறது. 1950 மார்ச் 21 அன்று, அந்நாளைய நாட்காட்டியில் புனித பெனடிக்டின் திருநாளில், இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் இதைத் தொடங்கினார்கள். இந்தியத் துறவிகள் இந்திய முறையில் வாழும் கிறிஸ்தவ மடமாக இது வளர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். முதல் பதினெட்டு ஆண்டுகளில் அங்கே நிலைத்துத் தங்க இந்தியத் துறவி எவரும் வரவில்லை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல திசைகளிலிருந்தும் விருந்தினர் வந்துகொண்டே இருந்தார்கள்.

சமயத்தின் வழியாக அயல்நாட்டாருடன் நட்பு எப்படி உருவாகிறது என்பதை ஆராய இந்த ஆசிரமத்தின் வரலாறு நல்ல களம். அங்கே பிறருக்கு விருந்தளித்தவர்கள் அனைவரும் முதலில் இன்னொருவர் வாசலில் விருந்தினராக நின்றவர்கள். அந்த அனுபவம் வாய்த்த இடத்தில் நட்பு ஆழப்பட்டது. வாய்க்காத இடத்தில் உபசாரம் உபசாரமாகவே நின்றுபோனது.

சாந்திவனத்தின் விருந்தோம்பலுக்குப் பின்னால் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய மடத்து விதி. அதன் 53ஆம் அத்தியாயம் முழுவதும் விருந்தினரைப் பற்றியது. வருகிறவர் யாராயினும் கிறிஸ்துவே வந்ததாகக் கருதி ஏற்க வேண்டும். மடத்தின் தலைவரே அவர் கைகளுக்கு நீர் வார்க்க வேண்டும், அனைவரும் சேர்ந்து அவர் கால்களைக் கழுவ வேண்டும். ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் தனிக் கவனம் வேண்டும் என்று அது சொல்கிறது. அதே அத்தியாயத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. விருந்தினருக்குச் சமையலறை தனி. அவர்கள் வேளைகெட்ட வேளையில் வந்து சேர்வதால் துறவிகளின் ஒழுங்கு குலையக் கூடாது. அனுமதி இல்லாத துறவி விருந்தினரோடு பேசவும் கூடாது. வரவேற்பும் வேலியும் ஒரே விதிக்குள் இருக்கின்றன.

மற்றொன்று இந்திய ஆசிரம மரபு. அங்கே தங்குபவருக்கும் வந்துபோகிறவருக்கும் நடுவே அப்படிக் கறாரான கோடு கிடையாது. தரிசனத்துக்கு வந்தவர் இரண்டு நாள் தங்குவார், இரண்டு நாள் இரண்டு மாதமாகும், பிறகு காய் நறுக்கவும் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சவும் போய்விடுவார். விருந்தினர் எந்த நாளில் ஆசிரமவாசி ஆனார் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டு மரபுகளையும் ஒரே வளாகத்தில் இணைக்க முயன்றதுதான் சாந்திவனத்தின் தனித்தன்மை. அதன் சிக்கல்களும் அங்கிருந்தே கிளைத்தன.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி உண்டு. 1921இல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைச் சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழரும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் சேர்ந்து நிறுவினார்கள். இருவரும் மருத்துவர்கள், பிரிட்டனில் அறிமுகமானவர்கள், இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. ஊராருக்கு ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளையர் ஆட்சி நடந்த காலத்தில், ஒரு வெள்ளையர் தமிழருக்குத் தம்பியாக அழைக்கப்பட்டார் என்பதன் எடையை இன்று முழுதாக உணர்வது கடினம். மிஷன் பங்களாவில் துரை உட்கார்ந்திருக்க, உள்ளூர் ஊழியர் நின்று பேசிய நாட்கள் அவை. இருவரும் கதர் உடுத்தினார்கள், தரையில் அமர்ந்து உண்டார்கள், திராவிடக் கட்டடப் பாணியில் ஜெபாலயம் எழுப்பினார்கள். 1932இல் அந்நியத் துணி மறுப்பு நடந்துகொண்டிருந்தபோது கதர் உடையில் சென்னைத் தெருவில் நின்ற பேட்டனைப் போலீசார் தாக்கினார்கள். அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை கேள்வியாக எழுந்தது. தம் இனத்தின் அதிகாரம் தம்மீதே பாயும் அளவுக்கு அவர் விருந்தினர் நிலையை ஏற்றிருந்தார்.

சாந்திவனத்தை நிறுவியவர்களில் மூத்தவர் ழூல் மோன்ஷானென். 1895இல் பிரான்சின் லியோன் பகுதியில் பிறந்தவர். நுட்பமான இறையியலாளர், ஐரோப்பிய அறிவுலகில் அவருக்கு மதிப்பு இருந்தது. 1939இல் இந்தியா வந்து, திருச்சி ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சாவின் கீழ் சாதாரணப் பங்குக் குருவாகச் சேர்ந்தார். பத்தாண்டுகள் திருச்சி வட்டாரக் கிராமங்களில் கழிந்தன. கல்வியில் பெரியவரான அவருக்கு அங்கே கிடைத்த வேலை ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்களின் திருமணம், சாவு, சண்டை, கடன் ஆகியவற்றுக்கு நடுவே நிற்பது. அவருடைய வரலாற்றை எழுதுவோர் இந்தப் பத்தாண்டுகளை விரைந்து கடந்து ஆசிரமத்துக்குப் போய்விடுகிறார்கள். அது குறையான வாசிப்பு. காவிரிக் கரை மக்களின் சோற்றையும் பேச்சையும் அவர் அறிந்தது அந்த ஆண்டுகளில்தான். பின்னாளில் ஆசிரமம் எவ்வளவு எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்கு அவர் மனத்தில் இருந்த அளவுகோல் புத்தகத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

இளையவர் ஆன்றி லெ சோ 1910இல் பிரித்தானிக் கடற்கரையில் பிறந்தவர். 1929இல் கெர்கொனான் பெனடிக்டின் மடத்தில் சேர்ந்தார். இந்தியாவில் துறவு வாழ்வு நடத்தும் ஆசையோடு 1947இல் அவர் எழுதிய கடிதம் திருச்சி ஆயர் கைக்கு வந்தது. ஆயர் அதை மோன்ஷானென்னிடம் காட்டினார். தமிழ் கற்க வேண்டும் என்பதும் மோன்ஷானென் அனுப்பிய அறிவுரைகளில் ஒன்று. 1948 ஆகஸ்டில் லெ சோ வந்து சேர்ந்தார். ஆசிரமம் தொடங்கியபோது மோன்ஷானென் பரம அரூபி ஆனந்தர் என்றும், லெ சோ அபிஷிக்தேஸ்வரானந்தர் என்றும் பெயர் பூண்டார்கள். பிந்தைய பெயர் நாளடைவில் அபிஷிக்தானந்தர் என்று சுருங்கியது. இருவரும் காவி உடுத்தினார்கள், மரக்கறி உணவுக்கு மாறினார்கள்.

ஆசிரமம் தொடங்குவதற்கு முன்பே, 1949 ஜனவரியில், இருவரும் திருவண்ணாமலை சென்று ரமணரைக் கண்டார்கள். அபிஷிக்தானந்தரின் வாழ்வைத் திருப்பியது அந்தப் பயணம். முதல் பார்வையில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காய்ச்சலில் படுத்த பிறகே அங்கு கேட்ட வேத ஒலியும் கண்ட முகமும் மனத்தில் வேரூன்றின என்று அவரே பின்னர் எழுதினார். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தார். அதன்பின் 1952 முதல் அபிஷிக்தானந்தர் அருணாசலத்தின் குகைகளில் தங்கித் தவம் இருக்கலானார். ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு அந்த மலையில் எந்த உரிமையும் கிடையாது. குகையில் இடம் கொடுத்ததும், உணவுக்கு வழி செய்ததும் அங்கிருந்த சாதுக்களும் ஊராரும். 1953இல் அங்கே அவரைத் தேடி வந்து பேசியவர்களில் ஒருவர் ரமணரின் சீடரான ஹரிலால் பூஞ்சா. பஞ்சாபைச் சேர்ந்த அவருக்கும் இந்தப் பிரெஞ்சுத் துறவிக்கும் இடையே ஏற்பட்ட நட்பு நீண்ட நாள் நிலைத்தது. பூஞ்சா அவருடைய நூல்களையும் சடங்குகளையும் தயவு தாட்சண்யம் இல்லாமல் கேள்வி கேட்டார். அபிஷிக்தானந்தர் அதைப் பொறுத்துக்கொண்டதோடு விரும்பவும் செய்தார்.

1955இன் இறுதியில் அபிஷிக்தானந்தர் திருக்கோவலூர்த் தபோவனத்தில் ஞானானந்தர் என்ற துறவியைச் சந்தித்தார். மறு ஆண்டு அங்கே சில வாரங்கள் தங்கினார். மற்ற அடியவர்களைப் போலக் காலில் விழுந்தார், பரிமாறியதை உண்டார், சொன்ன இடத்தில் உட்கார்ந்து தியானம் செய்தார். ஞானானந்தரைத் தம் குரு என்றே பின்னர் குறிப்பிட்டார். கிறிஸ்துவை விட்டுவிடு என்று ஞானானந்தர் அவரிடம் கேட்கவில்லை. அபிஷிக்தானந்தரும் விடவில்லை, நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றினார். இரண்டுக்கும் இடையே கிழிபட்ட மனத்தின் பதிவுகள் அவருடைய நாட்குறிப்பில் ஏராளம். சமய நட்பைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இன்முகத்தையும் இணக்கத்தையும் மட்டும் காட்டுகின்றன. விருந்தினராக உண்மையிலேயே உள்ளே நுழைந்தவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை இந்த நாட்குறிப்பு மறைக்காமல் சொல்கிறது.

அந்த விலையில் ஒரு பகுதி மோன்ஷானென்னுடன் இருந்த உறவில் வெளிப்பட்டது. அத்வைதத்தின் பக்கம் இளையவர் போன தொலைவு மூத்தவருக்கு அச்சம் தந்தது. கிறிஸ்தவத்தின் திரித்துவக் கொள்கையை அத்வைதம் கரைத்துவிடும் என்று அவர் எண்ணினார். 1957இல் நோயுற்றுப் பாரிசுக்குக் கொண்டு செல்லப்பட்ட மோன்ஷானென் அந்த அக்டோபரில் காலமானார். அபிஷிக்தானந்தரின் கால்கள் வடக்கே இழுத்தன. 1960இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1968இல் சாந்திவனத்தை ஒப்படைத்துவிட்டு இமயத்தின் உத்தரகாசிக் குடிலுக்கே போய்விட்டார். 1973 டிசம்பரில் இந்தூரில் அவர் உயிர் பிரிந்தது.

1968இல் ஆசிரமத்தைப் பெற்றுக்கொண்ட பீட் கிரிஃபித்ஸ் ஆங்கிலேயர். 1906இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் சி. எஸ். லூயிஸிடம் இலக்கியம் பயின்று அவருடைய நண்பரானவர். இங்கிலாந்தின் பிரிங்க்னாஷ் மடத்தில் பெனடிக்டின் துறவியானவர். 1955இல் இந்தியா வந்தார். 1958இல் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்தைப் பெல்ஜியத் துறவி பிரான்சிஸ் மாகியுவுடன் சேர்ந்து தொடங்கி, பத்தாண்டுகள் சிரிய வழிபாட்டு மரபில் வாழ்ந்தார். தண்ணீர்ப்பள்ளிக்கு அவர் தனியாக வரவில்லை. அமல்தாஸ், கிறிஸ்துதாஸ் என்ற இரண்டு இளம் இந்தியத் துறவிகள் உடன் வந்தார்கள். பிற்காலப் பதிவுகள் பீடின் வெண்தாடியையும் காவியையும் சுற்றியே நிற்கின்றன. அந்த இருவர் இல்லாமல் ஆசிரமம் ஓராண்டு கூட ஓடியிருக்குமா என்பது ஐயம். அயல்நாட்டாருக்கு யோகம் கற்றுக்கொடுத்தவர் அமல்தாஸ்.

காலமும் அவர்களுக்குத் துணை நின்றது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் மதிப்பதாக அறிவித்திருந்தது. மோன்ஷானென் காலத்தில் ஐயத்தோடு பார்க்கப்பட்டவற்றுக்கு இப்போது திருச்சபையில் இடம் கிடைத்தது. அதே ஆண்டுகளில் மேற்கத்திய இளைஞர்கள் தரைவழியாகவும் விமானத்திலும் இந்தியாவுக்குத் திரண்டு வந்தார்கள். தம் ஊர்த் தேவாலயத்தில் மனம் முறிந்து, ரிஷிகேசத்திலும் திருவண்ணாமலையிலும் குருவைத் தேடி அலைந்தவர்களில் பலர் தண்ணீர்ப்பள்ளியிலும் வந்து இறங்கினார்கள். காவி கட்டிய ஓர் ஆங்கிலேயர் உபநிடதத்தையும் யோவான் நற்செய்தியையும் அடுத்தடுத்து வாசித்து விளக்குவதைக் கேட்டபோது, தாம் கைவிட்டு வந்த சமயத்தை அவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த விருந்தோம்பல் எப்படி நடந்தது என்பதை விரிவாகப் பார்ப்பது தகும். தங்குவதற்குத் தோப்புக்குள் சிறு குடில்கள். ஆசிரமத்தார் உண்ணும் கூடத்திலேயே விருந்தினரும் தரையில் வரிசையாக அமர்ந்து, அதே சோற்றையும் குழம்பையும் கையால் உண்டார்கள். உண்ணும்போது பேச்சில்லை, ஒருவர் நூல் வாசிப்பார். பெனடிக்டின் தனிச் சமையலறை இங்கே எடுபடவில்லை, இந்திய மரபு வென்றுவிட்டது. சமையலுக்குக் காய் நறுக்கும் வேலையில் விருந்தினரும் சேர்ந்துகொண்டார்கள். பிற்பகல் தேநீர் வேளையில் பீட் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். சூரியன் எழும்போதும் மறையும்போதும் தியானத்துக்குரிய நேரம். ஆற்றங்கரை அதற்கு இடம்.

வழிபாடு காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை நடந்தது. விவிலியத்தோடு வேதம், உபநிடதம், கீதை ஆகியவற்றிலிருந்தும் தமிழ் பக்திப் பாடல்களிலிருந்தும் வாசிக்கப்பட்டது. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு என்று நெற்றியில் இட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள். ஆலயத்தின் அமைப்பும் தமிழ்க் கோயிலை ஒட்டியது: வாயிலில் கோபுரம், நடுவில் மண்டபம், உள்ளே இருண்ட கருவறை, அதன் மேல் விமானம். விமானத்தில் சிங்கமும் காளையும் கழுகும் மனிதனுமாக விவிலியத்தின் நான்கு உயிர்கள் இருக்கின்றன. ஒரு ஜெர்மானியப் பெண்ணோ ஆஸ்திரேலிய இளைஞரோ அங்கே நுழைந்தபோது எதிர்கொண்டது தமக்குப் பழகிய கிறிஸ்துவை, பழகாத கோலத்தில். பொதுவான தரை ஒன்று இருந்ததால் அயன்மை அச்சுறுத்தவில்லை. கோலம் வேறாக இருந்ததால் பழக்கம் அலுக்கவில்லை. சமயவழி நட்புக்கு இந்த இரண்டும் ஒருசேரத் தேவை என்பதைச் சாந்திவனத்தின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

வந்தவர்கள் பல வகையினர். ஆங்கிலேய உயிரியலாளர் ரூபர்ட் ஷெல்ட்ரேக் ஐதராபாத்தில் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். 1970களின் இறுதியில் ஓராண்டுக்கு மேல் இங்கே தங்கித் தம் முதல் நூலை எழுதினார். 1981இல் வெளிவந்த அந்நூல் அறிவியல் உலகில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அது பீடுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அமெரிக்கரான வெய்ன் டீஸ்டேல் பீடிடம் சந்நியாச தீட்சை பெற்று, சமயங்களைக் கடந்த ஆன்மிகம் பற்றிப் பின்னர் எழுதினார். மறுதிசையிலும் பயணம் நடந்தது. நண்பர்களின் அழைப்பின் பேரில் பீட் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று, அவர்கள் வீடுகளில் விருந்தினராகத் தங்கினார். 1990 ஜனவரியில் பக்கவாதம் அவரைத் தாக்கியபோதும், 1993 மே 13 அன்று முடிந்த கடைசி நோயிலும் அருகிருந்து பணிவிடை செய்தவர்களில் இந்தியச் சீடர்களும் அயல்நாட்டு நண்பர்களும் இருந்தார்கள்.

இந்த முயற்சி கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. அந்த எதிர்ப்பில் நியாயங்கள் உண்டு. 1980களில் இந்து எழுத்தாளர்கள் சிலர், ஓம் என்ற ஒலியையும் காவியையும் கோயில் அமைப்பையும் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொள்வது மதமாற்றத்துக்கான புதிய உத்தி என்று குற்றம் சாட்டினார்கள். சீதாராம் கோயல் 1988இல் கத்தோலிக்க ஆசிரமங்களைக் கண்டித்து நூலே வெளியிட்டார். மதமாற்றம் தம் நோக்கமில்லை என்று பீட் மறுத்தார். அவர் வாழ்வைப் பார்த்தால் அந்த மறுப்பை நம்பலாம். ஆயினும் ஒருவர் வீட்டுப் பொருளை எடுத்துப் புழங்கும் முன் வீட்டாரைக் கேட்டீர்களா என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடுவதில்லை. அபிஷிக்தானந்தர் திருக்கோவலூரில் ஞானானந்தரின் அனுமதியோடு அமர்ந்தார். ஆசிரமத்தின் சடங்குகளுக்கு அத்தகைய அனுமதி தர யாருக்கு அதிகாரம் என்பது எளிதில் விடை காணக்கூடியதன்று.

தமிழ்க் கத்தோலிக்கரிடமும் தயக்கம் இருந்தது. திருநீறும் குங்குமமும் தம் முன்னோர் விட்டு வந்தவை என்று எண்ணிய குடும்பங்களுக்கு, ஐரோப்பியத் துறவிகள் அவற்றையே கொண்டாடுவது புரியாத செயலாகத் தோன்றியது. 1980களில் வலுப்பெற்ற தலித் இறையியல் இந்த விமர்சனத்தைக் கூர்மையாக்கியது. ஆசிரம இயக்கம் இந்தியப் பண்பாடு என்று எடுத்துக்கொண்டது பெரும்பாலும் சமஸ்கிருத மேட்டுக்குடி மரபை. திருச்சபையில் பெரும்பான்மையினரான ஒடுக்கப்பட்ட மக்களின் மரபு அங்கே இடம்பெறவில்லை என்றது அது. மோன்ஷானென் பத்தாண்டுகள் பணிசெய்த ஏழைக் குடும்பங்களின் வழிபாட்டு மொழி ஆலயத்தின் கல்லில் எங்கே என்று கேட்டால், எளிதாகப் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு குறை அதிகம் பேசப்படவில்லை. ஆசிரமம் ஊருக்கு உதவியது. ஏழைகளுக்கு வீடு, பிள்ளைகளின் படிப்பு, முதியோர் பராமரிப்பு என்று அது விரிந்தது. அதற்கான பணத்தில் அயல்நாட்டு நண்பர்களின் பங்கு கணிசமானது. ஆனால் தண்ணீர்ப்பள்ளிக்காரருக்கும் வந்து தங்கிய விருந்தினருக்கும் இடையே நட்பு என்று சொல்லத்தக்கது அரிதாகவே முளைத்திருக்க முடியும். ஆசிரமத்தின் பேச்சுமொழி ஆங்கிலம். வந்தவர் திரும்பிப் போய் மீண்டும் வரலாம். ஊர்க்காரர் அவருடைய நாட்டுக்குப் போக விசாவும் இல்லை, பணமும் இல்லை. ஒரு பக்கத்தார் எப்போதும் கொடுப்பவராகவும் மறுபக்கத்தார் எப்போதும் பெறுபவராகவும் இருக்கும் உறவில் நன்றி வளரும். சமமான நட்பு வளர்வது கடினம். திருப்பத்தூரின் பெரியண்ணனும் சின்னண்ணனும் இந்தத் தடையைத் தாண்டியதற்குக் காரணம், அங்கே ஒரு தமிழர் தொடக்கத்திலேயே வீட்டுக்கு உரியவராக இருந்தார்.

இத்தகைய அனுபவங்கள் சாந்திவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பிரெஞ்சு இஸ்லாமிய அறிஞர் லூயி மாசிஞோன் 1908இல் ஈராக்கில் ஒற்றர் என்ற சந்தேகத்துக்கு ஆளாகி, நோயுற்றுக் கிடந்தபோது, பாக்தாத்தின் ஆலூசி என்னும் முஸ்லிம் அறிஞர் குடும்பம் அவருக்காகப் பொறுப்பேற்று நின்றது. அவர்களின் விருந்தினராக உயிர் தப்பியதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை; புனித விருந்தோம்பல் என்ற கருத்தை அதிலிருந்தே உருவாக்கினார். கிறிஸ்தவத் துறவிகளும் பிற சமயத் துறவிகளும் ஒருவர் மடத்தில் மற்றவர் தங்கும் ஏற்பாடுகள் 1970களின் இறுதியில் முறைப்பட்டன. 1979இல் ஜப்பானிய ஜென் துறவிகள் ஐரோப்பிய மடங்களில் தங்கி, அங்குள்ளோரின் நாளொழுங்கில் பங்குகொண்டார்கள். கருத்தரங்கில் எதிரெதிரே அமர்ந்து கொள்கை பேசுவதைவிட, ஒரே அடுக்களையின் உணவை உண்டு ஒரே மணியோசைக்கு எழுவது நெருக்கம் தரும் என்பதை இரு தரப்பாரும் கண்டுகொண்டார்கள்.

1980களின் தொடக்கத்தில் சாந்திவனம் கமால்டோலி என்னும் பெனடிக்டின் கிளைச் சபையில் இணைந்தது. 11ஆம் நூற்றாண்டு இத்தாலியில் புனித ரோமுவால்டு தொடங்கிய அந்தச் சபை தனிமைத் தவத்துக்குப் பெயர்பெற்றது. அந்த இணைப்பு, பீட் மறைந்த பிறகும் ஆசிரமம் கலைந்துவிடாமல் காத்தது. அமல்தாஸ் பீடுக்கு முன்பே காலமாகிவிட்டார். இப்போது ஆசிரமத்தை நடத்துகிறவர்கள் இந்தியத் துறவிகள். பனிக்கால மாதங்களில் அயல்நாட்டு விருந்தினர் வருகிறார்கள். அவர்களை வரவேற்று இடம் காட்டுகிறவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். மோன்ஷானென்னும் அபிஷிக்தானந்தரும் 1950இல் எதிர்பார்த்த இந்தியத் துறவுக் குழு, அவர்கள் காலத்தில் அமையாமல், அயல்நாட்டு விருந்தினரால் உலகறிந்த ஓர் இல்லத்தில் அமைந்திருக்கிறது.